காதர் நீட்டிய கை

சைகோனில் ஜவுளிக்கடையை மூடிவிட்டு ஊர் திரும்பியபோது, ஆசையாக ஓட்டிய காரையும் கப்பலேற்றிக் காரைக்காலுக்குக் கொண்டுவந்தேன். சைகோனில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுவார்கள். என் காருக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம். நம் ஊரில் அதை வைத்துக்கொண்டு முன்னால் போகும் வண்டியைத் தாண்டுவது குருட்டு வேலை. எனவே என் மனைவியின் தம்பி காதர் வலப்பக்கம் உட்கார்ந்து, எதிரே பார்த்துச் சொல்வான். வெளியே கை நீட்டிச் சைகையும் காட்டுவான்.

அன்று கோட்டுச்சேரி சாலையில் முன்னால் ஒரு வைக்கோல் வண்டி.

"காதரு, போலாமா?"

"பஸ் ஒண்ணு வருது, ரொம்பத் தூரத்துல. தாராளமாப் போங்க மச்சான்" என்று கையை நீட்டினான்.

மாட்டுவண்டியிலேயே போய்ப் பழகியவன், பஸ்ஸின் வேகத்தையும் அப்படியே கணக்குப் போட்டுவிட்டான். வைக்கோல் வண்டியைத் தாண்டி நான் இடப்பக்கம் ஒடிப்பதற்குள் பஸ் எங்களை உரசிக்கொண்டு போயிற்று. ஆஸ்பத்திரியில் அவன் கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

இப்போது எந்த வண்டி முன்னால் போனாலும் அதன் பின்னாலேயே உருட்டுகிறேன். ஹாரன் அடிப்பவர்கள் அடிக்கட்டும். காதர் இன்னமும் அதே இடத்தில்தான் உட்காருகிறான்.

"இப்பப் போலாம் மச்சான்" என்பான். அவனுடைய வெறும் சட்டைக் கை ஜன்னலில் படபடக்கும். நான் தாண்டுவதில்லை.