பெயரும் அளவும்

மருத்துவமனையின் மின்னஞ்சல் சர்வரைப் பதினெட்டு வருஷமாகக் கட்டி மேய்ப்பவர் அவர். ஊழியர்கள் ‘தபால்காரர்’ என்பார்கள். உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும், அப்படியொரு உடம்பு. ஒரே பொருள் இரண்டு இருந்தால் ஒன்றை ஒழிக்கக் கை துறுதுறுக்கும்.

சர்வரின் சேமிப்பிடம் கழுத்துவரை நிரம்பியிருந்தது. விடுமுறைப் பட்டியலை அறுநூறு பேருக்கு இணைத்து அனுப்பினால், உள்ளே அறுநூறு நகல் கிடக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, எல்லாக் கடிதமும் அதையே திறக்கும்படி செய்ய வேண்டும். உள்ளடக்கத்தை முழுதாக ஒப்பிட நான்கு நாள் பிடிக்கும். நான்கு நாள் யார் காத்திருப்பது? பெயரும் அளவும் ஒத்தால் போதும் என்று அமைத்தார். காலையிலேயே வேலை முடிந்தது. ஒதுக்கிய நகல்கள் மாலை நாலு மணிக்குத் தானாக அழியும்.

மூன்றரைக்கு மனைவி போன் செய்தாள்.

“ஆணியில ரெண்டு சாவி தொங்குச்சே, ஒண்ணு எங்க?”

“ரெண்டும் ஒண்ணுதானேன்னு தூக்கிப் போட்டுட்டேன்.”

“ஒண்ணு வாசல் சாவி, ஒண்ணு அலமாரி சாவி. பல்லு வேறன்னு பாக்க மாட்டீங்களா? எனக்கும் என் தங்கச்சிக்கும் ஒரே உயரம். எங்கள்ல யாரைத் தூக்கிப் போடப் போறீங்க?”

போனை வைத்தவர் வராந்தாவில் இரண்டு நடை நடந்தார். மூன்றாவது நடையில் எக்ஸ்ரே பிரிவு நினைவுக்கு வந்தது. அங்குள்ள பழைய கருவி, டாக்டருக்கு மெயிலில் போகும் எல்லாப் படத்துக்கும் ஒரே பெயர்தான் வைக்கும். அளவும் இம்மி பிசகாது.

ஓடிவந்து அந்தப் பிரிவின் கடிதங்களில் இரண்டைத் திறந்தார். ஒன்று ஓட்டுநர் ஒருவருடையது, மற்றது தையல்காரம்மா ஒருவருடையது. இரண்டிலும் ஒரே நெஞ்சு, ஒரே உடைந்த விலா.

கடவுச்சொல்லை இரண்டுமுறை தப்பாக அடித்து, மூன்றாவதில் உள்ளே நுழைந்து அழிப்பை நிறுத்தினார். மணி மூன்று ஐம்பது. நகல்களைப் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டு, எக்ஸ்ரே பார்க்கும் டாக்டரைப் போனில் கூப்பிட்டார்.

“மெயில்ல இன்னைக்குப் பாத்த எக்ஸ்ரே எல்லாத்தையும் மறுபடி திறந்து பாருங்க, டாக்டர். படம் மாறியிருக்கும். தப்பு என்னோடது.”

“அதானா? இங்க ஒரு தையல்காரம்மா, தும்மினாகூட வலிக்கலேன்னு அடிச்சுச் சொல்றாங்க. விலா உடைஞ்சிருக்குன்னு எழுதப் பேனாவை எடுத்துட்டேன்.”

அடுத்து மேலாளர் அறை.

“எவ்வளவு இடம் மிச்சமாச்சு?”

“ஒண்ணும் இல்ல, சார். நாலு நாள் வேணும்.”

“அதுவரை தாங்குமா?”

“தாங்கலேன்னா என் பழைய மெயிலை மொதல்ல அழிச்சுடறேன்.”

முழு ஒப்பீட்டைத் தொடங்கிவைத்தார். அது நூற்றில் ஒன்றைத் தாண்டுவதற்குள் தையல்காரம்மாவின் படத்தை நான்குமுறை திறந்து பார்த்துவிட்டார். விலா ஒவ்வொரு முறையும் முழுசாகத்தான் இருந்தது. ஐந்தாவது முறை திறந்தார்.