மரத்துக்கு மேலே அடிக்கும் காற்று

சர்வேயர் வேலையில் இருந்த காலம் முழுக்க யாருக்கும் ஒரு அடி நிலத்தைக் கூட்டிச் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை. வேலியோரத்தில் அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, நடுவில் டேப்பை இழுத்து முளையடித்து, "இதுதான் எல்லை. அடிச்சுக்கிறதுன்னா அவங்கவங்க பக்கம் நின்னு அடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்த மனுஷர். கெஞ்சியவர்கள் உண்டு, மிரட்டியவர்கள் உண்டு, ஒருவருக்கும் மசியவில்லை. அப்பேர்ப்பட்டவர் கட்டின மனைவியிடம் நாலு வருஷமாகத் தூரத்தைக் கூட்டிக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார் என்றால் யார் நம்புவார்கள்?

மனைவி கோல்ஃப் ஆடுகிறவள். ஊருக்கெல்லாம் அவள் டீச்சர். பயிற்சி மைதானத்தில் பல் விழுந்த பிள்ளைகளிலிருந்து வழுக்கை விழுந்த முதலாளிகள் வரைக்கும் மட்டையை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுப்பாள். முதலாளிகளுக்குத்தான் திட்டு அதிகம். அவளுடைய அப்பா ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்வெட்டும் இயந்திரம் ஓட்டியவர். புதரில் தொலைந்த பந்துகளைப் பொறுக்கி, எவனோ தோற்ற கோபத்தில் மரத்தில் அடித்து வளைத்துவிட்டுப் போன மட்டையை நிமிர்த்தி, அதை வைத்துத்தான் ஆடப் பழகினாள். பெரிய போட்டிகளுக்குள் நுழைவதற்குள் கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் முடிந்து தலையில் நரை எட்டிப் பார்த்துவிட்டது. பெயர் வாங்கியதெல்லாம் ஐம்பதுக்கு மேல், சீனியர் பெண்கள் போட்டிகளில்தான்.

"எல்லாரும் வீட்டுக்குப் போற வயசுல எனக்கு வேலை கிடைச்சிருக்கு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

சர்வேயர் ஓய்வு பெற்ற மறுவாரமே அவளுடைய மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பையைச் சுமக்கிறவனைக் கேடி என்பார்கள். சுமப்பது பாதி வேலைதான். கொடி நட்ட குழி எத்தனை கஜத்தில் இருக்கிறது, மேடா பள்ளமா, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்வது மீதிப் பாதி. அதைக் கேட்டுத்தான் ஆடுகிறவர் எந்த மட்டை என்று முடிவெடுப்பார். மட்டையின் நம்பர் குறையக் குறையப் பந்து தூரம் போகும். மற்றவர்கள் தூரம் பார்க்கும் கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். டீச்சர் அதைத் தொட்டதில்லை. "என் மிஷின் அதோ தொப்பி போட்டுக்கிட்டு நிக்குது. சர்வேயராக்கும், ஒரு அடி பிசகாது" என்பாள்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று முடிந்த வருஷம், பந்து கொடிக்கு எட்டாமல் விழ ஆரம்பித்தது. ஒரு நாள் சமையலறைத் தொட்டியில் மட்டைகளைக் கழுவிக்கொண்டே அவள் சத்தமில்லாமல் அழுததை அவர் பார்த்துவிட்டார். எதற்கும் அழாதவள். அடுத்த ஆட்டத்தில், அவள் தூரம் கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "கீழ தெரியாது. மரத்துக்கு மேல எதிர்க்காத்து அடிக்குது. பத்து கஜம் கூட்டிக்கோ." அவள் கூட்டிக்கொண்டாள். ஒரு நம்பர் குறைந்த மட்டையை எடுத்து அடித்தாள். பந்து கொடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்த மனுஷர், அதன்பிறகு மரத்துக்கு மேலே அந்தக் காற்றை நிற்கவே விடவில்லை. சில நாள் மேடு என்பார், சில நாள் புல் ஈரம் என்பார். ஒரு பொய்யைப் பழக்கப்படுத்திக்கொண்டால் அது எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது!

போன மாதம் இடது மணிக்கட்டில் வலி வந்தது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், உள்ளே தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, மட்டையைத் தொடக்கூடாது என்றார். மீதியும் கிழிந்தால் பிறகு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது என்றும் சொன்னார். டீச்சர் லேசில் விடுகிறவளா?

"டாக்டர், என் ஏழாம் நம்பர் மட்டையில இன்னும் அதே நூத்திமுப்பது கஜம் போகுது. கை நிஜமாவே போயிருந்தா தூரம் போயிருக்கணுமா இல்லையா? இவரைக் கேளுங்க. இவர் சர்வேயர்."

டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தார். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. நாலு வருஷப் பொய்யை ஒரு டாக்டர் முன்னால் எப்படி அவிழ்ப்பது? "தூரம் போகுதுதான்" என்று முனகினார். அதற்குப்பின் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படித்தான் சீனியர் போட்டிகளிலேயே பெரிய போட்டிக்கு, கையுறைக்குள் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். மூன்று நாள் ஆட்டம். முதல் ஐந்து இடத்துக்குள் வந்தால் அடுத்த வருஷமும் நேரே ஆடலாம். இல்லாவிட்டால் தகுதி ஆட்டத்தில் முதலிலிருந்து முட்டி மோத வேண்டும், அந்த வயதில் அது நடக்காது. முதல் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடி நாலாவது இடத்தில் இருந்தாள். கைக்கட்டை அவிழ்க்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மணிக்கட்டு வீங்கிப் பளபளவென்றிருக்கும். "நிறுத்திடலாமா?" என்று அவர் கேட்டால், "தூரம் குறையட்டும், நிறுத்திடறேன்" என்பாள். அவர் வாயை அடைக்க அதைவிட என்ன வேண்டும்?

மூன்றாம் நாள் கை பாதிக்கு மேல் ஒத்துழைக்கவில்லை. அவர் பத்து கூட்டிய இடத்தில் பதினைந்து கூட்டினார். மதியத்துக்கு மேல் இருபதாயிற்று. பதினாறாவது குழிக்கு வந்தார்கள். முன்னால் ஒரு குளம், அதைத் தாண்டிக் கொடி. பலகையில் நூற்றிருபது கஜம் என்று போட்டிருந்தது. கூட ஆடிய நெட்டைக்காரி அடித்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"எவ்வளவுங்க?"

"நூத்திநாப்பதுன்னு வச்சுக்கோ. மேல எதிர்க்காத்து."

டீச்சர் ஆறாம் நம்பரை உருவினாள். உருவியவள் அடிக்கவில்லை. மரங்களுக்கு அப்பால் ஏதோ ஆலையின் புகைபோக்கி தெரிந்தது. புகை மரத்துக்கு மேலே எழும்பி, அவர்கள் நின்ற பக்கத்திலிருந்து கொடி இருந்த பக்கமாகச் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது.

"எதிர்க்காத்துங்கறீங்க. அந்தப் புகை என்ன, காத்தை எதிர்த்து நடந்து போகுதா?"

அவர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். அவள் புகையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஆடியவள், கணக்குப் போட அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை.

"எத்தனை நாளா?"

"நீ தொட்டிகிட்ட நின்னு அழுதியே... அதுலேர்ந்து."

அவள் ஆறைப் பைக்குள் போட்டுவிட்டு எட்டாம் நம்பரை எடுத்தாள். ஒரு காலத்தில் எட்டாம் நம்பர் அவளுக்குச் சரியாக நூற்றிருபது போகும். "வேண்டாம்மா" என்றார். காதில் வாங்காமல் ஓங்கி அடித்தாள். அடித்த கணமே வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பந்து குளத்தின் நடுவிலேயே விழுந்தது. நெட்டைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

சர்வேயருக்கு அந்தக் குளத்திலேயே குதித்துவிடலாம் போலிருந்தது. அவள் கையை மார்போடு அணைத்துக்கொண்டு வட்டம் அடங்கும்வரை தண்ணீரையே பார்த்தாள். பிறகு விதிப்படி வேறு பந்தை வைத்து, தானே ஆறாம் நம்பரை எடுத்து, அரைவீச்சில் அக்கரைக்குக் கடத்தினாள். குறைந்த அடியில் முடிப்பவருக்கே வெற்றி என்ற ஆட்டத்தில், அந்த ஒரு குழியில் இரண்டு அடி கூடிப்போயிற்று.

மீதி இரண்டு குழியிலும் அவள் பேசியது ஒரே வார்த்தைதான்: "எவ்வளவு?" அவர் பலகையில் உள்ளதை மட்டும், டேப் பிடித்து அளந்த மாதிரி சொன்னார். காற்றும் இல்லை, மேடும் இல்லை. அவள் யாரும் சொல்லாமலே நம்பர் குறைந்த மட்டையாகப் பார்த்து எடுத்தாள். வலியில் கண் கலங்க, இரண்டு குழியையும் பழுதில்லாமல் முடித்தாள். கடைசியில் ஒரே ஒரு அடி கூடியதில் ஆறாவது இடம்.

நெட்டைக்காரி வந்து கட்டிக்கொண்டாள். டீச்சர் சிரித்தாள். யார் பார்த்தாலும் நம்பும்படியான சிரிப்பு. சர்வேயர் பையைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு தள்ளியே வந்தார்.

கார் நிற்குமிடத்தில் ஆளில்லை. கதவைத் திறக்கப் போனவரைத் தடுத்து, அவள் காரில் சாய்ந்து நின்றாள்.

"தூரத்தைக் கூட்டிச் சொன்னீங்க, சரி. என் முகம் வாடக்கூடாதுன்னு சொன்னீங்க. அதைக்கூட விட்டுடறேன். டாக்டர்கிட்ட நான் அவ்வளவு சவடாலா பேசினப்போ, நீங்க பக்கத்து நாற்காலியிலதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"ஆமா."

"அன்னிக்காவது வாயைத் திறந்திருக்கலாமே. எனக்குக் கை இருந்திருக்கும்."

ஊரார் வேலியையெல்லாம் அளந்த மனுஷர் கண்ணைத் துடைக்கக்கூடத் தெரியாமல் நின்றார். அவளும் அழுதாள், தொட்டியும் குழாயும் இல்லாமல், அவர் பார்க்கவே அழுதாள்.

கொஞ்சம் அடங்கியபின், "இது சரியாகுமா?" என்று கேட்டாள்.

ஆகிடும், பயப்படாதே, டாக்டர்கள் அப்படித்தான் மிரட்டுவார்கள் என்று எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றது. நாலு வருஷப் பழக்கம் லேசில் போய்விடுமா? எச்சிலோடு சேர்த்து அதை விழுங்கினார்.

"தெரியலம்மா."

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். வீங்கிய கையை நீட்டி, "மெதுவா கழட்டுங்க" என்றாள். அவர் பையை இறக்கி வைத்துவிட்டு, கையுறையை ஒவ்வொரு விரலாக உருவ ஆரம்பித்தார்.