நேர்ந்த சேவலும் வான்கோழியும்

வான்கோழியின் முகத்தைப் பார்த்து அதன் மனதை அறிய முடியாது. காரணமில்லாமல் சிவக்கும், காரணமில்லாமல் வெளுக்கும். வாங்கி வந்த அன்றே அதை நான் நம்பவில்லை.

நம்பாததை ஏன் வாங்கினேன்? கொழும்பில் என் நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்த டொக்டர், இனி வாவியில் தோணி வலிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். சும்மா இருக்க என்னால் முடியாது. டவுனில் இருக்கும் பறங்கியர் நண்பர் ஒருவரிடம் ஆணும் பெண்ணுமாக ஒரு சோடி வாங்கி, செட்டிபாளையத்தில் எங்கள் வளவுக்குள் மனைவியின் கோழிகளோடு விட்டேன்.

அந்தக் கோழிகளில் ஒரு செஞ்சேவல் மட்டும் எங்களுடையதல்ல. நான் உயிரோடு திரும்பினால் தருவதாக மனைவி அம்மனுக்கு நேர்ந்த சேவல் அது. கோயிலின் வருடாந்தச் சடங்கு வரை வளர்த்து, ஒரு குறையும் இல்லாமல் கோயிலில் கொண்டுபோய் விட வேண்டும். குறையோடு கொடுத்தால் நேர்ச்சை பலிக்காது என்பது அவளுடைய பயம். பலிக்காவிட்டால் என்ன நடக்கும் என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. என் நெஞ்சைத்தான் பார்ப்பாள்.

ஒரு வாரம் போகவில்லை, சேவலின் கொண்டையில் இரத்தம். தீன் போட்ட இடத்தில் ஆண் வான்கோழி அதை விரட்டி விரட்டிக் கொத்தியதை மனைவி கண்ணால் கண்டாள்.

"இதக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்திட்டு வாங்க," என்றாள்.

"கொஞ்சம் பொறுகா. பிரிச்சு வச்சாச் சரி."

பழைய நைலோன் வலையை வளவின் குறுக்கே கட்டினேன். தீனும் தண்ணீரும் வேறு வேறாக வைத்தேன். கொத்துவதற்கு வேறு ஏதாவது இருக்கட்டும் என்று வான்கோழிப் பக்கம் முருங்கைக் கொப்புகளைத் தொங்கவிட்டேன். அப்படியும் கொண்டையில் புதுக் காயங்கள் வந்தன.

எனக்கு எல்லாவற்றின் மேலும் சந்தேகம். கீரி வருகிறதோ? இரத்தத்தைக் கண்டு பேட்டுக்கோழிகளே கொத்துகின்றனவோ? மனைவிக்கு என் மேல் மட்டும்தான் சந்தேகம்.

"நான் சந்தைக்குப் போற நேரம் பாத்து நீங்க வலையத் திறந்து விடுறீங்க. உங்களுக்கு அந்த ரெண்டும்தானே பெரிசு."

இல்லை என்று சொல்லச் சொல்ல, அவளுக்குச் சந்தேகம் உறுதியானது. ஒருநாள் வலையைக் கட்டிய முடிச்சில் மெல்லிய சிவப்பு நூல் ஒன்று சுற்றியிருக்கக் கண்டேன். நான் அவிழ்த்தால் தெரிய வேண்டும் என்று அவள் வைத்த பொறி. மறுநாளும் கொண்டையில் இரத்தம். நூல் வைத்தது வைத்தபடியே இருந்தது.

"திரும்பச் சுத்தி வச்சிருப்பீங்க," என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கதிரையைத் தூக்கிப்போய் வேப்பமரத்தடியில் போட்டுக்கொண்டு காவலிருந்தேன். மத்தியானம், வான்கோழி தன்பாட்டில் வலையோரம் மேய்ந்து வந்தது. ஓடி வந்தது சேவல்தான். வலைக் கண்ணுக்குள் தலையை நுழைத்து, வான்கோழியின் மூக்கில் தொங்கும் சிவந்த சதையை எட்டிக் கொத்தியது. அது திருப்பிக் கொத்த வந்ததும் தலையை வெடுக்கென்று இழுத்தது. கொண்டை வலையில் சிக்கிக் கிழிந்தது.

"இஞ்ச வந்து பாருகா, அம்மன்ட சேவல் செய்யிற வேலைய!"

வந்து பார்த்தாள். அவள் கண் முன்னாலேயே அது இன்னொரு தரம் தலையை நுழைத்தது. நான் வென்றுவிட்ட சந்தோஷத்தில் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"தன்னால ஏலாதெண்டு அதுக்கு விளங்குதில்ல. உங்களப் போலதான்."

வலையின் மேல் தென்னோலைக் கிடுகு கட்டி மறைத்தோம். ஒன்றையொன்று பார்க்க முடியாமல் போனதும் சண்டை ஓய்ந்தது. ஆனால் கொண்டை கிழிந்தபடியே ஆறியது.

சடங்கன்று காலை சேவலை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி மடியில் வைத்துக்கொண்டு, எழும்ப மனமில்லாமல் இருந்தாள்.

"குறையோட எப்பிடிக் குடுக்கிற? அம்மனுக்குத் தெரியாதா?"

நான் சேட்டுப் பொத்தான்களைக் கழற்றினேன். தொண்டைக்குழிக்குக் கீழே தொடங்கும் தையல் தழும்பைக் காட்டினேன்.

"என்னை மட்டும் அம்மன் குறையில்லாமலா தந்தவ? கிழிச்சுத் தைச்சுத்தானே தந்தவ. இதையும் அப்பிடியே குடு."

தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியது. பிறகு சேவலைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள்.

கோயில் வீதியில் விட்டதும் அது மற்றச் சேவல்களோடு சண்டைக்குத்தான் ஓடியது. திரும்பி நடக்கையில், "மூச்சு வாங்குதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. சனம் போய்வரும் ஒழுங்கையின் நடுவில் என்னை நிறுத்தி, நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள்.