பெரியவருக்குக் கை காட்டுதல்

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரமப்பட வேண்டாம். புது ஊருக்குப் போனால், அங்கே எதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று விசாரித்துவிட்டு வாயைத் திறக்க வேண்டும். நான் விசாரிக்காமல் திறந்தேன். திறந்ததோடு விட்டேனா? அதற்குப் படம் வரைந்து, கம்ப்யூட்டரில் அசைய விட்டு, சொந்தக் குரலும் கொடுத்தேன்.

ஓவேலிப் பக்கம் நாங்கள் இருந்த எஸ்டேட்டில், பொழுது சாய்ந்தபின் யானையை யானை என்று யாரும் சொல்வதில்லை. பேர் சொன்னால் வந்துவிடுமாம். "பெரியவர்" என்பார்கள். அங்கே தவழும் குழந்தைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, மனைவிக்குப் பள்ளிக்கூட வேலை கிடைத்துக் குன்னூரிலிருந்து சட்டிமுட்டியோடு போய் இறங்கிய எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. குன்னூரில் காட்டுமாடு வாசல்வரை வரும். அதற்கு நாங்கள் மரியாதைப் பட்டம் எதுவும் கொடுத்ததில்லை.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வானத்தைப் பற்றிச் சொல்ல ஒரு பொம்மைப் படம் செய்து தரச் சொன்னாள். விளம்பரத்துக்காகப் பல் துலக்கும் பிரஷை ஆட வைத்துப் பிழைப்பவன் நான். கோள்களை ஆட வைக்க மாட்டேனா? நிலாவை ஒரு சின்னப் பெண்ணாக வரைந்தேன். கோள்களிலேயே பெரியது வியாழன் என்பதால், கோடு போட்ட பனியனும் தொப்பையுமாக ஓர் ஆள். பெயர், பெரியவர். அவர் உருவத்தைப் பார்த்து எல்லோரும் ஓடுகிறார்கள்; அவருக்குச் சிநேகிதர் யாருமே இல்லை. கடைசியில் நிலா நின்று கை காட்டுகிறாள், நட்பாகிவிடுகிறார்கள். முடிவில் பெரியவர் திரையை அடைத்துக்கொண்டு கரகரத்த குரலில் சொல்வார்: "இருட்டினதும் வருவேன். என்னைப் பார்த்து ஓடாதீங்க. வெளியே வந்து கை காட்டுங்க."

வகுப்பில் படம் ஓடியபோது ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. இருமல்கூட இல்லை. என் கலை அவர்களைக் கட்டிப்போட்டுவிட்டது என்று நினைத்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி மட்டும் எழுந்தாள். எங்கள் வீட்டுக்குக் கீழே, தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் இருப்பவள். அப்பா டீ ஃபேக்டரியில் வேலை செய்கிறார். கை காட்டினால் அவர் ஒன்றும் செய்யமாட்டாரா என்று கேட்டாள்.

"அவரு உன் ஃப்ரெண்டு கண்ணு. ஒண்ணும் செய்யமாட்டாரு," என்றேன், பெரியவர் குரலிலேயே.

அவள் அந்தக் குரலை நம்பினாள்.

சாயங்காலம் டீக்கடையில் ஒருவர், பெரியவர் படம் காட்டியது நீங்கள்தானா என்று கேட்டார். குரலும் நான்தான் என்றேன், கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு. பிள்ளைகளை வெளியே வரச் சொன்னீர்களாமே என்றார். பயம் தெளிய வேண்டாமா என்றேன். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, லைன் பக்கமாக வேகமாக இறங்கிப் போனார். சர்க்கரை ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, படத்தின் அடுத்த பாகத்தை ப்ரொஜெக்டரில் சுவர்மேல் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை விட்டு மூடுபனி ஏறியிருந்தது. குரைத்துக்கொண்டிருந்த நாய்கள் சட்டென்று அடங்கின. கீழே யாரோ, "பெரியவர் வந்துட்டாரு," என்று கத்தினார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

ஒரே நாளில் இவ்வளவு புகழா என்று, வியாழனைப் பார்க்க வாசலுக்குப் போனேன். வானத்தையே காணோம், பனிதான். ஒரு நட்சத்திரம்கூட இல்லை. அப்படியென்றால் வந்தது யார்? தேயிலைக்கு அந்தப் பக்கம் ஒரு மரக்கிளை முறிந்தது, கொஞ்சமும் அவசரமில்லாமல். பின்னால் வந்து நின்ற மனைவி மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க, இவங்க பெரியவர்னு எதைச் சொல்றாங்க?"

குழாயடி விளக்கின் கீழே அந்தச் சிறுமி நின்றிருந்தாள். மூடிய கதவுகளுக்கெல்லாம் வெளியே, தனியாக, பனியைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டிருந்தாள். பனி அவள் பக்கம் நகர்ந்தது. அதற்குக் காது இருந்தது.

அவள் பெயர் எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த என் குரல் ஒன்றுதான். "கண்ணு, பெரியவர் இங்கே இருக்கேன். ஓடி வா," என்றேன் கரகரவென்று.

அவள் திரும்பினாள். காதுகளும் திரும்பின.

சிரித்துக்கொண்டே படியேறி வந்தவளை, அவளைத் தேடிக்கொண்டிருந்த அப்பா பாய்ந்து தூக்கினார். திரும்பிப் போக வழியில்லாமல் எங்கள் வீட்டுக்குள்ளேயே நுழைந்து தாழ்ப்பாள் போட்டார். வெளியே வேலிக் கம்பி ஒன்று ணங்கென்று அறுந்தது.

நான்கு பேரும் சுவரோரம் உட்கார்ந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நீண்ட பெருமூச்சு. அப்புறம் வாழை மட்டை கிழிகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை, அதுதான் மோசம். அப்பா மகளின் வாயைப் பொத்தியிருந்தார். அவள், எதிர்ச் சுவரில் தொப்பையைக் குலுக்கிச் சிரித்துக்கொண்டிருந்த வியாழனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வெளிச்சம் ஜன்னல் வழியாக வாசல்வரை விழுந்துகொண்டிருந்தது.

பயம் வந்தால் எனக்குப் பேச்சு வந்துவிடும். நாளைக்கே பேரை மாற்றிவிடுகிறேன் என்று அவரிடம் கிசுகிசுத்தேன். "வேற என்ன பேரு வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க," என்றேன்.

அவர் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மொதல்ல உங்க பெரியவர ஆஃப் பண்ணுங்க."