ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி

வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் ஆங்கிலப் பேச்சைச் சோதித்துப் புள்ளி போடுவது அப்போது என் தொழில். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்று கேட்பேன். எல்லோருமே குடும்பத்தோடு காலிமுகத்திடலுக்குப் போனார்களாம். டியூட்டரியில் பாடமாக்கிய பொய்! எரிச்சலில் இரண்டு புள்ளி வெட்டிவிடுவேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் பூசைக்குப் போனதையும் உடுப்புத் தோய்த்ததையும் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு, சோதனை என்பதையே மறந்து தமிழில் கேட்டாள்: "மிஸ் என்ன செய்தனீங்கள்?"

அதுவரை யாரும் என்னைத் திருப்பிக் கேட்டதில்லை. வெள்ளவத்தை ஃபிளாட்டில் அந்த ஞாயிறு முழுவதும் நான் வாயே திறக்கவில்லை. கடைசியாகப் பேசியது சனிக்கிழமை, மரக்கறிக் கடைக்காரரிடம், சிங்களத்தில்.

"குடும்பத்தோடு காலிமுகத்திடலுக்குப் போனேன்" என்றேன், பிழையில்லாத ஆங்கிலத்தில்.