தண்டையில் ஒட்டிய வெள்ளித் துண்டு

என் அலமாரியின் அடித்தட்டில், பழைய கைலித் துணியில் சுற்றி, ஒரு ஜோடி வெள்ளித் தண்டை வைத்திருக்கிறேன். இரண்டும் அறுபட்டவை. ஒவ்வொன்றிலும் விரற்கடை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் மற்ற இடத்தைவிட வெளுத்துத் தெரியும். அது பிறகு வைத்து ஒட்டிய வெள்ளி. செத்துப் போனவர்களின் நகையைக் கையில் எடுத்தால் மற்றவர்களுக்குக் கண் கலங்கும். எனக்குக் கலங்காது. பல்லைத்தான் கடிப்பேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த ஒட்டுத் துண்டைத் தடவிப் பார்த்தால் வயிறு எரிகிறது. எரியட்டும், அதை அணைக்கச் சொல்லி நான் யாரிடமும் கேட்கவில்லை.

தண்டைக்குச் சொந்தக்காரி என் ஓரகத்தி. கணவரின் அண்ணன் மனைவி. லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா என்பதற்கு எங்கள் முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் வழக்கு. முப்பதுகளின் தொடக்கத்தில் நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனேன். பினாங்கில் சூலியா தெருவுக்குப் பின்னால் நீளமான கடைவீடு. அண்ணனும் தம்பியும் நாசி கண்டார் என்கிற காவடிச் சோற்று வியாபாரம். விடியற்காலையில் சோறும், ஆணம் என்று நாங்கள் சொல்கிற குழம்பும் வெந்து இறங்கும். காவடித் தண்டின் இரண்டு பக்கமும் கூடையைத் தொங்கவிட்டு, இரண்டு பேரும் துறைமுகத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். மூட்டை சுமக்கிறவர்கள் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுவார்கள். விற்றது அவர்கள், சமைத்தது லாத்தா. மீன் ஆணம், ஆட்டிறைச்சி, கோழி, கத்தரிக்காய் என்று எது அடுப்பிலிருந்து இறங்கினாலும் அது லாத்தாவின் கைப்பக்குவம். நான் போன பிறகு வெங்காயம் உரித்தேன், தேங்காய் துருவினேன், அம்மியில் அரைத்தேன். அடுப்புக்கு முன்னால் மட்டும் அவள் என்னை விடமாட்டாள். "நீ தள்ளி உட்காரு புள்ள, உன் கண்ணு கெட்டுப் போயிரும்" என்பாள். தன் கண்ணைப் பற்றி அவளுக்குக் கவலை இருந்த மாதிரியே தெரியாது.

அந்த அடுப்படியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டின் கடைசியில் இருட்டறை. பின் சந்தைப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது; இருந்தது என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் பலகை வைத்து அடித்து மூடியிருந்தார்கள். சந்தில் ஆம்பிளைகள் நடமாட்டம். தண்ணி வண்டிக்காரன் போவான், மலக்கூடை எடுக்கிறவன் போவான். நம் வீட்டுப் பெண்ணின் முகம் அவன் கண்ணில் படலாமா? அதனால் பலகை. கடைவீட்டின் நடுவில் வானம் பார்த்த முற்றம் ஒன்று உண்டு. புகை அந்த வழியாவது போயிருக்கும். அங்கே பாக்காவ் மர விறகை அடுக்கி, மழையில் நனையாமல் இருக்கத் தகரம் போட்டு மூடிவிட்டார்கள். விறகு நனையக் கூடாது என்று யோசித்த மனுஷர்களுக்கு, உள்ளே ஒரு பெண் மூச்சு விட வேண்டும் என்று யோசனை வரவில்லை. நான் முதல் நாள் அந்த அறைக்குள் நுழைந்தபோது லாத்தாவின் முகம் தெரியவில்லை. இருமல் சத்தம்தான் கேட்டது. அந்த இருமலுக்கு வீட்டில் செல்லப் பெயர்கூட இருந்தது, "அடுப்படி இருமல்". சமைக்கிறவள் என்றால் இருமத்தானே செய்வாள் என்று, அதைக் கைவளைச் சத்தம் மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

நான் பார்த்த லாத்தா மெலிந்த உடம்புக்காரி. கையைப் பிடித்தால் எலும்பு தட்டும். கணவர், அதாவது எங்கள் பெரிய மச்சானுக்கு, அது ஒரு மானப் பிரச்சினை. சோற்றுக் கடைக்காரன் பெண்டாட்டி இப்படி இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்று அவர் வாய்விட்டே சொல்லுவார். பிறகு இரண்டு பெருநாள் கழிந்திருக்கும், லாத்தாவின் பாதம் உப்பத் தொடங்கியது. பிறகு கணுக்கால், பிறகு வயிறு. முகமும் கொஞ்சம் பூரித்தாற்போல் ஆனது. அடேயப்பா, அந்த வீட்டில் அன்றைக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! வருகிற உறவுக்காரப் பெண்களெல்லாம் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார்கள். "மாஷா அல்லாஹ், இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கா" என்றார்கள். பெரிய மச்சான் காவடியை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நின்று, "பினாங்குத் தண்ணி இப்பத்தான் ஒத்துக்கிச்சு லா" என்று போகிற வருகிறவர்களிடம் சொன்னார். மெலிந்தவள் பெருத்தால் அது புருஷனுடைய வரவு என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. அந்தப் பெருக்கம் சதையா தண்ணீரா என்று ஒருவரும் விரலை வைத்து அழுத்திப் பார்க்கவில்லை.

தண்டை காலில் இறுகி, தோல் கன்றிப்போனது. கழற்றிப் பார்த்தோம், திருகாணியைத் திறப்பதற்குள் லாத்தாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே பெரிய மச்சான் நகைக்கடைப் பத்தரை வீட்டுக்கே வரவழைத்தார். பத்தர் வாசலில் உட்கார்ந்து, இரண்டு தண்டையையும் வெட்டி, வெள்ளித் துண்டு வைத்து ஒட்டி அகலமாக்கினார். தெருவே பார்க்கட்டும் என்றுதான் வாசலில் வைத்து அந்த வேலை. "வீட்டுக்காரம்மாவுக்கு நல்ல சாப்பாடு போல" என்று பத்தர் சொல்ல, பெரிய மச்சான் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. கால் ஏன் வீங்கியது என்று கேட்க ஒரு நாக்கு புரளவில்லை, வெள்ளி வைத்து ஒட்ட மட்டும் ஆள் வந்துவிட்டான். இதைவிட ஓர் அநியாயம் இருக்குமா?

நான் கேட்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கே நான் செய்கிற துரோகம். பெருத்தவள் என்றால் ஏன் மாடிப்படியில் பாதியில் உட்காருகிறாள் என்று கேட்டேன். ஏன் படுக்க முடியாமல் அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டே தூங்குகிறாள், ஏன் கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைத்து நிற்கிறது என்று கேட்டேன். "சின்னப் புள்ள நீ, உனக்கு என்னா தெரியும்" என்று முடித்துவிட்டார்கள். பெரிய மச்சானிடம் அன்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மூச்சு வாங்குகிறது என்றதும் தினம் ஆட்டுக்கால் வாங்கி வந்தார். உப்பும் மிளகும் தூக்கலாகப் போட்டு சூப் வைக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைத்தார். அந்தச் சூப்பையும் அதே புகைக்குள் உட்கார்ந்து அவளேதான் வைத்துக் குடிக்க வேண்டியிருந்தது. அன்பு இல்லாதவர் என்றால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். அன்பையும் வைத்துக்கொண்டு ஒருவர் இப்படிக் கண்ணை மூடிக்கொள்வார் என்றால், அந்த ஆத்திரத்தை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது?

ஒரு நாள் காலை ஆணச் சட்டியை இறக்கும்போதே லாத்தா சரிந்துவிட்டாள். சட்டி கவிழ்ந்து வியாபாரம் கெட்டதால்தான் ஆஸ்பத்திரிக்கு அனுமதி கிடைத்தது என்று இன்றும் நினைக்கிறேன். ரிக்சாவுக்கு முன்னால் துணி கட்டி மறைத்து நான்தான் கூட்டிப் போனேன். பெண்களைப் பார்க்க ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா இருந்தார். அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல யாழ்ப்பாணத்துத் தாதி ஒருவர். அந்தத் தாதியை நான் மறக்கமாட்டேன். அவர் முதலில் செய்தது, ஈரப் பஞ்சால் லாத்தாவின் உதட்டைத் துடைத்தது. வெற்றிலைச் சிவப்பு போனதும் உள்ளே நாவற்பழ நிறம். நகத்தைப் பார்க்க நினைத்தார், அதில் மருதாணி. "மருதாணியை எதுக்கு நகத்திலயும் போட்டு மூடியிருக்கிறியள், நீலம் பாரிச்சது தெரியாமப் போச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு பெருவிரலால் லாத்தாவின் காலை அழுத்தி எடுத்தார். விரல் பட்ட இடம் குழியாக அப்படியே நின்றது. நாங்கள் பூரிப்பு என்று கொண்டாடியது அந்தக் குழிக்குள் தண்ணீராகக் கிடந்தது.

டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு நீளமாகப் பேசினார். தாதி அதை எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். "வருஷக்கணக்கா புகை குடிச்சு இவவின்ர சுவாசப்பை பழுதாப் போச்சு. அதுக்குள்ள இருக்கிற ரத்தக் குழாயெல்லாம் ஒடுங்கிப் போச்சு. ஒடுங்கின குழாய்க்குள்ளால ரத்தத்தைத் தள்ளித் தள்ளி, இருதயத்தின்ர வலப்பக்கம் களைச்சுப் போட்டுது. தள்ள ஏலாத ரத்தம் பின்னால தேங்கி நிக்குது. கழுத்து நரம்பு புடைக்கிறதும் அதாலதான், ஈரல் வீங்கிறதும் அதாலதான், காலில தண்ணி வாறதும் அதாலதான்." நான் கேட்டேன், நோய் நெஞ்சிலா, மூச்சிலா என்று. "மூச்சிலதான் துடங்கினது. இருதயம் பாவம், அதுக்கு வேலை செய்து செய்தே இந்தக் கதி" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு லாத்தாவின் முகத்தைத்தான் பார்க்கத் தோன்றியது. பழுதான சுவாசப்பை திரும்பாது, ஆனால் புகையை நிறுத்தினால், உப்பைக் குறைத்தால், மருந்தோடு இன்னும் சில வருஷம் ஓட்டலாம் என்றார்கள். "திரும்பவும் அடுப்படிக்குள்ள போனா இந்த மருந்து ஓட்டைக் குடத்தில ஊத்தின தண்ணிதான்" என்று தாதி வாசல்வரை வந்து இன்னொரு தரம் சொன்னார். லாத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரிக்சாவில் ஏறினதும், "நாளைக்கு மீன் ஆணத்துக்குப் புளி ஊறப் போடணும், மறந்துராதே" என்றாள். நான் மறைப்புத் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன்.

வீட்டில் மருந்தை மரியாதையாக ஏற்றுக்கொண்டார்கள். மற்றது எதையும் ஏற்கவில்லை. நான் சமைக்கிறேன் என்றேன். உன் கைக்கு அந்த ருசி வராது, துறைமுகத்து ஆள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவான் என்றார்கள். சரி, ஜன்னலையாவது திறங்கள் என்றேன். "பெருநாள் கழியட்டும் பார்ப்போம். பின்னால லோரோங்குச் சந்துல கண்ட ஆம்பிளையும் போறான். உள்ள பொம்பள நிக்கிறா, மானம் இல்லையா?" என்றார் பெரிய மச்சான். அடுத்த நாள் அவர்கள் காவடி தூக்கிப் போனதும் நான் விறகு பிளக்கிற கோடாலியை எடுத்து ஒரு பலகையை நெம்பித் தள்ளினேன். ஒரு முழ வெளிச்சம் உள்ளே விழுந்தது. புகை அந்த வழியாக வெளியே ஓடியதை லாத்தா வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "காத்து வருது புள்ள" என்றாள். அன்றைக்கு மதியம் அவள் அதிகம் இருமவில்லை. சாயங்காலம் பெரிய மச்சான் வந்து பார்த்தார். சுத்தியலை எடுத்தார்; முன்னைவிட நீளமான ஆணி வைத்து அடித்தார். என் கணவர், அண்ணன் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு ஆணியை எடுத்துக் கொடுத்தார். அவரோடு நான் வெகு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

லாத்தா அந்தப் பெருநாளைப் பார்க்கவில்லை. நோன்பு மாதத்தில் கந்தூரி விருந்துச் சோற்றுக்கு வேறு ஆர்டர் வந்திருந்தது. அடுப்புகள் அணையவே இல்லை. கடைசி நாட்களில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்குள்ளேயே கண் செருகிவிடும். களைப்பு, தூங்கட்டும் என்றார்கள். அந்தத் தூக்கத்திலிருந்துதான் ஒரு பகல் அவள் எழுந்திருக்கவில்லை. முற்றத்தில் வைத்து மையித்தைக் குளிப்பாட்டும்போது நகைகளைக் கழற்றினோம். தண்டை வரவில்லை. பத்தர் அகலமாக்கிக் கொடுத்த தண்டைதான், அதுவும் சதைக்குள் புதைந்து கிடந்தது. திருகாணி கண்ணுக்கே தெரியவில்லை, சவர்க்காரம் போட்டும் அசையவில்லை. பக்கத்து வீட்டுச் சீனத் தகர வேலைக்காரரிடம் கத்தரி வாங்கி வரச் சொல்லி, நானே வெட்டினேன். ஒட்டுப் போட்ட இடத்தை விட்டுவிட்டு வெட்டினேன். அது இருக்கட்டும், சாட்சிக்கு வேண்டும் என்று அந்த நேரத்திலும் மனதுக்குள் ஓடியது.

இதோடு முடிந்திருந்தால் விதி என்று சொல்லித் தொலைத்திருப்பேன். முடியவில்லை. அவளுடைய நாற்பதாம் நாள் கழிந்ததும் வியாபாரத்துக்குச் சம்பளத்துக்கு ஒரு சமையல்காரரை வைத்தார்கள். பேர் போன ஆம்பிளைச் சமையல்காரர். காலையில் அடுப்படிக்குள் போனார். அடுப்பைப் பற்ற வைத்தார். ஒரு சட்டி கொதிப்பதற்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். "என்னா பாய் இது, இந்தப் புகையில மனுசன் நின்னு சமைப்பானா? ஜன்னலத் திறங்க, இல்லாட்டி நான் போறேன் லா" என்றார். வெயில் ஏறுவதற்குள் பெரிய மச்சானே சுத்தியலும் கடப்பாறையும் எடுத்து வந்தார். அந்த நீள ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். முற்றத்துத் தகரத்தையும் ஆள் வைத்துப் பிரித்தார். நான் நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "இப்பத்தான் இங்க மனுசன் நிக்கிறாரு போல" என்று அவர் காதில் விழும்படியே சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து, விழுந்து கிடந்த ஆணிகளைப் பொறுக்கினார். பிறகு அவரும் மெல்ல மெல்ல ஒடுங்கிப்போனார். ஆட்டுக்கால் சூப்பை அதன் பிறகு அவர் தொட்டதில்லை என்று சொல்வார்கள். அதற்காக எனக்கு இரக்கம் வந்ததா என்றால், வரவில்லை.

இப்போது நான் பினாங்கிலேயே ஆயர் ஈத்தாமில் மகன் வீட்டில் இருக்கிறேன். அடுப்படியில் இரண்டு பக்கமும் ஜன்னல். மலைக் காற்று வந்து காலண்டர் தாளைப் புரட்டும். போன வாரம் மருமகள் அலமாரியைத் துடைக்கும்போது கைலித் துணி அவிழ்ந்து தண்டைகள் கீழே விழுந்தன. எடுத்துத் தன் கணுக்காலில் வைத்துப் பார்த்தாள். அது சுற்றிக்கொண்டு போயும் இடம் மிச்சம் இருந்தது. ஒட்டுத் துண்டைத் தடவிவிட்டு, "யாரோடது மாமி? பெரிய உடம்புக்காரவங்க போல" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. தண்டையைப் பார்க்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அன்றைக்கு அந்தத் தெரு முழுக்க அப்படித்தான் நினைத்தது. நான் அதைக் கையில் வாங்கித் துணியில் சுற்றினேன். குரல் உயர்ந்துவிட்டது, அடக்க முடியவில்லை.

"இல்ல. அவ ஒரு நாளும் பெருத்ததே இல்ல."