பொங்கலில் இருந்த திராட்சை

சாமிக்குப் படைத்ததைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது. அதனால் வெள்ளிக்கிழமை பூஜையில் மீந்த சர்க்கரைப் பொங்கலை எங்கள் நாய் பாபியின் தட்டில் வைத்தேன். ஒரு பருக்கை விடாமல் நக்கித் தின்றது.

டியூஷன் விட்டு வந்த மகள் தட்டைப் பார்த்தாள்.

"அம்மா, பொங்கல்ல திராட்சை போட்டீங்களா?"

"ஒரு கைப்பிடிதான்லா. ஏன்?"

"நாய்க்கு அது விஷம்மா. கிட்னி போயிரும். காடி சாவிய எடுங்க."

கூலிம் டவுனில் இருக்கும் கால்நடை மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை அவள் பாபியை மடியில் அணைத்தபடி முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தாள். நான் காரை விரட்டினேன்.

"சாப்பிட்டு எவ்ளோ நேரமாச்சுக்கா?" என்று கேட்டார் கால்நடை மருத்துவர்.

ஒரு மணி நேரம் என்றேன்.

"அப்ப இன்னும் வயித்துலதான் இருக்கும்" என்று ஊசி போட்டார். பாபி வாந்தி எடுத்தது. திராட்சைகள் முழுதாக வெளியே வந்தன. ஆனாலும் இரண்டு நாள் டிரிப் ஏற்றினார்கள். இரத்தப் பரிசோதனை சரியாக வந்த பிறகுதான் மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

இப்போது படையலில் மீந்ததை வேலிக்கு வெளியே வாழையடியில் ஆழமாகப் புதைக்கிறேன். பாபிக்கு உப்பில்லாத சோறும் கோழியும் தனியாக வேகவைக்கிறேன். அதையும் மகள் ஒருமுறை கிளறிப் பார்க்கிறாள். நான் கோபித்துக்கொள்வதில்லை.